முகூர்த்தத்துக்கு ரா, மொய்க்கு ஜேபெக்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் கல்யாண போட்டோ பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. போட்டோகிராபர் ‘ரா’வில் எடுக்கிறாரா என்று முதலில் கேளுங்கள், ஜேபெக்கில் எடுப்பவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், கல்யாணம் முடிந்ததும் ரா பைல் மொத்தத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள் என்பது அதன் சாரம். (கேமரா பிடித்ததை எதுவும் செய்யாமல் அப்படியே எழுதி வைத்த பைல் ரா. கேமராவே சரி செய்து சுருக்கிக் கொடுக்கிற சாதாரணப் படம் ஜேபெக்.) திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் எங்கள் ஸ்டூடியோவுக்கு மூன்று போன் வந்துவிட்டது. மூவரும் கேட்டது ஒன்றைத்தான். அதில் ஒருவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளைக்கு மொட்டை போட்டு காதும் குத்தியாயிற்று.

நான் போட்டோ எடுப்பவள் இல்லை. காரைக்குடியில் என் மாமனார் ஆரம்பித்த ஸ்டூடியோ. வீட்டுக்காரர் எடுப்பார், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். கலர் சரி செய்வது, ஆல்பம் டிசைன் பண்ணுவது, லேபுக்கு அனுப்புவது எல்லாம் பதினேழு வருஷமாக என் பொறுப்பு. கட்டுரை எழுதியவர் கேமராவைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார். கேமரா வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் ஒரு வரி இல்லை. ராவா ஜேபெக்கா என்பது மண்டபத்தில் வீட்டுக்காரருக்குக் கேமரா மெனுவில் இரண்டு தட்டு. என் மேசையில் அது பதினைந்து நாள். அதனால் இந்தக் கடிதத்தை அவர் எழுதாமல் நான் எழுதுகிறேன்.

முதலில், கட்டுரை சொன்னதில் பாதி சரி என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

2010 தை மாதம். பக்கத்து ஊரில் ஒரு செட்டிநாட்டு வீட்டில் கல்யாணம். அந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அங்கே வெளிச்சம் எப்படி விழும் என்று தெரியும். நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த வளவு. முற்றத்தில் கண் கூசும், இரண்டு அடி உள்ளே வந்தால் முகம் தெரியாது. அப்போது நாங்கள் எல்லாவற்றையும் ஜேபெக்கில்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். முதல் நாள் ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்துக்காக வீட்டுக்காரர் ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த வெளிச்சத்திலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்கான கேமரா அமைப்பை, அதற்கு வைத்திருந்தார். விடிகாலையில் மாற்ற மறந்துவிட்டார். திருப்பூட்டும் நேரம், அதாவது தாலி கட்டும் நேரம், முற்றத்திலிருந்து பகல் வெளிச்சம் வந்துவிட்டது, கேமரா மட்டும் இன்னும் பல்பு கணக்கிலேயே இருக்கிறது. பல்பு வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 3,200 கெல்வின், பகலுக்கு 5,500 என்று கணக்கு. பல்பு கணக்கில் பகலை எடுத்தால் எல்லாம் நீலம்.

எல்லாம் என்றால் நிஜமாகவே எல்லாம். மாப்பிள்ளை வேட்டி சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி. பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. கழுத்துரு என்று ஒன்று உண்டு. நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் பெண் கழுத்தில் ஏறுவது, முப்பதுக்கும் மேற்பட்ட தங்க உருப்படிகளைக் கோத்தது. அது ஈயம் மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் சரி செய்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மஞ்சளைக் கூட்டினால் வேட்டி அழுக்கு நிறத்துக்குப் போகிறது, சிவப்பைக் கூட்டினால் முகத்தில் திட்டுத் திட்டாக ஊதா. நீலம் ஏற்கெனவே உச்சத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, சிவப்பு அடிமட்டத்தில் கிடக்கிறது. இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது?

மூன்று ராத்திரி போராடிவிட்டு, வேறு வழியில்லாமல் பன்னிரண்டு ஷீட்டைக் கருப்பு வெள்ளையாக மாற்றி, அதுதான் இப்போது பேஷன் என்று சொல்லிக் கொடுத்தோம். அந்த வீட்டு ஆச்சி ஆல்பத்தை மடியில் வைத்து நாலு பக்கம் புரட்டினார். “ஏத்தா, இது கல்யாணப் படமா, எழவு வீட்டுப் படமா?” என்றார். பாக்கிப் பணத்தை நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

அந்த முகூர்த்தத்தை ராவில் எடுத்திருந்தால் எனக்கு அரை மணி நேர வேலை. ஏனென்றால் ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது படத்துக்குள் கலந்துவிட்ட விஷயம் இல்லை, ஓரத்தில் எழுதி வைத்த ஒரு குறிப்பு. குறிப்பை அழித்து வேறு எண் போட்டால் நீலம் போய்விடும். அது எப்படி என்று கட்டுரையில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கேமராவுக்குள் இருக்கும் சென்சாருக்குக் கலர் தெரியாது. பாத்தி பாத்தியாகப் பிரித்த வயல் மாதிரி, ஒவ்வொரு பாத்தியிலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று எண்ணத்தான் தெரியும். கலருக்காக ஒவ்வொரு பாத்தியின் மேலும் ஒரு கலர் கண்ணாடி. பாதிக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது, இன்றைக்கும் பெரும்பாலான கேமராவில் இதுதான். இந்த வெறும் எண்ணிக்கையை அப்படியே கார்டில் எழுதி வைத்தால் அது ரா. பக்கத்துப் பாத்திகளைப் பார்த்துக் கலரை நிரப்பி, ஒயிட் பேலன்ஸ் போட்டு, கான்ட்ராஸ்ட் ஏற்றி, ஓரங்களைக் கூராக்கி, சுருக்கிக் கொடுத்தால் அது ஜேபெக். ஜேபெக் எடுக்கும்போது இத்தனையையும் கேமராவே கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிட்டு, மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. ரா எடுத்தால் இத்தனையையும் நான் செய்ய வேண்டும்.

14 பிட் ராவில் (பிட் கூடக் கூடப் படியும் கூடும்) இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே 16,384 படி. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். பார்ப்பதற்கு 256 தாராளம். இருட்டில் இருக்கும் முகத்தைத் தூக்கி மேலே கொண்டுவரும்போதுதான் படிகளுக்கு இடையிலான பள்ளம் தெரியும்.

என் மாமனார் இதை வேறு மாதிரி சொல்வார். அவர் ஊட்டியில் செய்த ‘இந்து’ பிலிமில் கருப்பு வெள்ளை எடுத்தவர், அப்புறம் கலர் வந்ததும் நெகட்டிவுக்கு மாறியவர். “ரா என்னமோ நெகட்டிவ் மாதிரின்னு சொல்றாய்ங்க. நெகட்டிவாவது கழுவி முடிச்சது. இது கழுவாத ரோலு” என்பார். ஜேபெக்கை அவர் ஸ்லைடு பிலிமோடு சேர்ப்பார். ஸ்லைடில் எக்ஸ்போஷர் கொஞ்சம் பிசகினாலும் போச்சு, எடுக்கும்போதே சரியாக இருக்க வேண்டும். அதனால் ஸ்லைடு எடுத்தவர்கள் மட்டம் என்று யாரும் சொன்னதில்லை, அவர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று பேர். இன்றைக்கு ஜேபெக் எடுத்தால் சோம்பேறி என்கிறார்கள். எனக்கு இது புரியவில்லை.

ஜேபெக்கைப் பற்றிக் கட்டுரையில் இருந்த இரண்டு தவறுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஜேபெக்கைத் திறக்கத் திறக்கத் தரம் குறையும் என்பது. இல்லை. ஆயிரம் முறை திறந்து பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. திருத்தி, மறுபடி சேமித்து, மறுபடி திருத்தி, மறுபடி சேமித்தால்தான் தேயும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சின்னதாக்கிவிடுகிறது, அதைப் பார்த்து ஜேபெக்கைத் திட்டுபவர்கள்தான் அதிகம். இரண்டாவது, ராவில் எடுத்தால் மெகாபிக்சல் கூடும் என்பது. 24 மெகாபிக்சல் கேமராவில் இரண்டும் 24தான்.

ஜேபெக் ஒன்றும் ஏனோதானோ என்று செய்த வேலை இல்லை. என் மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள், அவள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்தேன். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்ற பேராசிரியர் 1972இல் ஒரு கணக்கு முறையை ஆராயப் பணம் கேட்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதியிருக்கிறார். அவர்கள் கொடுக்கவில்லை. அவர் விடாமல் செய்து, 1974இல் நடராஜன், ராவ் என்ற இருவரோடு சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். 1992இல் வந்த ஜேபெக் தரநிலை நிற்பது அந்தக் கணக்கின் மேல்தான். படத்தை எட்டுப் புள்ளி எட்டு வரிசை என்று நேர்ப்புள்ளிக் கோலம் போலக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத சின்ன ஏற்ற இறக்கங்களை விட்டுவிட்டு மீதியை எழுதிக்கொள்கிறது. கண் வெளிச்ச வித்தியாசத்தை நன்றாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவாகப் பிடிக்காது என்பதால் நிறத்தில் இன்னும் தாராளமாகவே வெட்டும். அரக்குச் சிவப்புப் பட்டில் மெல்லிய ஜரிகைக் கோடு ஓடினால், ஜேபெக்கைப் பெரிதாக்கிப் பார்க்கையில் சிவப்பு கோட்டின் மேல் கொஞ்சம் வழிந்திருக்கும். கேமராவில் ‘பைன்’ என்ற உயர்ந்த தரத்தில் வைத்து எடுத்தால் அதுவும் ஆல்பத்தில் தெரியாது. கார்டில் இடம் மிச்சம் பிடிக்கக் குறைந்த தரமான ‘பேசிக்’கில் எடுப்பார்கள் பாருங்கள், அதைத்தான் நீங்கள் கேட்டுத் தடுக்க வேண்டும். ராவில் எடுக்கிறீர்களா என்று கேட்பதைவிட அந்தக் கேள்வி உபயோகம்.

இன்னொன்று. ஆல்பம் அச்சாவது எதிலிருந்து என்று நினைக்கிறீர்கள்? 12க்கு 36 அங்குல ஷீட் ஒன்றை 3,600க்கு 10,800 பிக்சலில் டிசைன் பண்ணி மதுரை லேபுக்கு அனுப்புகிறேன். அவர்கள் கேட்பது ஜேபெக். ராவில் எடுத்தாலும் சுற்றி வந்து கடைசியில் ஏறுகிற வண்டி அதுதான்.

நீலக் கல்யாணத்துக்குப் பிறகு கதை மாறியது. சூடுபட்ட பூனையாக வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ராவில் எடுக்க ஆரம்பித்தார். மண்டபத்து வாசல் வாழை மரம் ரா. பந்தியில் பாயசம் ரா. ஒரு கல்யாணத்துக்கு 3,400 படம். ஒன்று 28 எம்பி என்றால் மொத்தம் 95 ஜிபி. ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கினால்கூட ஐம்பத்தாறு மணி நேரத்துக்கு மேல். வைகாசியில் அடுத்தடுத்து ஐந்து முகூர்த்தம் வந்தபோது, முதல் கல்யாணத்து ஆல்பம் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் வளைகாப்புக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்து நின்றாள்.

அதைவிட மோசம் தேவகோட்டையில் நடந்தது. மண்டபத்தில் கல்யாணம், கெட்டிமேளம் கொட்டியாயிற்று. தாலி கட்டும்போது இவர் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பார், வழக்கம். அப்போது எங்களிடம் இருந்த கேமராவில் ஜேபெக் என்றால் முப்பது படம் வரை தொடர்ந்து ஓடும். ரா என்றால் ஆறேழு படத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். உள்ளே தேங்கியதைக் கார்டில் எழுதி முடித்தால்தான் அடுத்த படம். மாப்பிள்ளை போட்ட முதல் முடிச்சு அருமையாக விழுந்திருக்கிறது. அடுத்து நாத்தனார் முடிச்சு. சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று எரிகிறது, கேமரா அசையவில்லை. விளக்கு அணைந்தபோது நாத்தனார் முடிச்சு போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் படம்தான் இருக்கிறது. கையைத் துடைக்கிற படம். அந்த நாத்தனார் இன்றைக்கும் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் இவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீடியோவிலிருந்து ஒரு பிரேமை எடுத்து ஒட்டிக் கொடுத்தோம், மங்கலாக இருக்கிறது என்று அதைக் கிழித்துவிட்டாராம்.

சரி, இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். இரண்டு கார்டு போடுகிற கேமரா வாங்கினோம். சடங்குகளை ஒரு கார்டில் ரா, இன்னொன்றில் ஜேபெக் என்று இரண்டிலும் எழுதுகிறோம். ஜேபெக் கார்டைப் பென் டிரைவில் போட்டு வீட்டாரிடம் கொடுத்து, ஆல்பத்துக்கு 200 படம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். அவர்கள் எண்ணைக் குறித்து அனுப்பியதும், அந்த 200க்கு மட்டும் நான் ராவைத் திறக்கிறேன். ஒரே வெளிச்சத்தில் எடுத்த பத்துப் படத்துக்கு ஒன்றைச் சரி செய்தால் மற்ற ஒன்பதுக்கும் அதையே ஒட்டிவிடலாம். பதினைந்து நாள் வேலை நாலு நாளில் முடிகிறது.

ரிசப்ஷனில் மேடை ஏறி, கவரைக் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் 600 பேர். ஒரே இடம், ஒரே பிளாஷ், ஒரே தூரம். முதல் ஐந்து படத்தில் வெளிச்சத்தைச் சரி பார்த்துவிட்டால் போதும், அறுநூறும் ஒன்று போல வரும். அதற்கு ஜேபெக் மட்டும்தான். அதில் ராவைப் போடுவது மொய் நோட்டைப் பட்டுத்துணியில் எழுதுவது மாதிரி. மேடையில் ஊதாவும் பச்சையுமாக எல்ஈடி விளக்கை மாற்றி மாற்றிப் போடுகிற டெக்கரேஷன்காரர் வந்திருந்தால் மட்டும் இவர் ராவுக்கு மாறிவிடுவார். அதற்கும் ரா முழு மருந்து இல்லை. முகத்தில் ஊதா மட்டுமே விழுந்திருந்தால் எந்தப் பைலிலும் தோல் நிறம் இருக்காது.

உங்களைப் போன்ற பத்திரிகைகளின் விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015 நவம்பரில் தன் வெளிப் போட்டோகிராபர்களுக்கு, ஜேபெக்காகவே எடுத்த படத்தை மட்டும் அனுப்புங்கள், ராவிலிருந்து செய்த படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. செய்தி சீக்கிரம் வர வேண்டும், படத்தில் கைவேலை இருக்கக் கூடாது என்பது காரணம். இன்னொரு பக்கம் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் கடைசிச் சுற்றுகளுக்கு வருபவர்களிடம் கேமராவில் பதிவான மூல பைலை, முக்கியமாக ராவை, கேட்டு வாங்கி, அனுப்பிய படத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள். அதே 2015இல் கடைசிக்கு முந்தைய சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு படங்கள் இப்படித் தள்ளப்பட்டன. ஒருவர் ராவே வேண்டாம் என்றார், ஒருவர் ராவைக் காட்டு என்கிறார். இரண்டு பேருக்கும் வேண்டியது நேர்மைதான்.

இனி, ராவைக் கையோடு வாங்கிவிடுங்கள் என்ற யோசனைக்கு வருகிறேன். தரக் கூடாது என்று எங்களுக்கு ஒன்றும் இல்லை. போன வருஷம் ஒரு மாப்பிள்ளை, பெங்களூரில் வேலை, பிடிவாதமாகக் கேட்டார். கொடுத்தோம். மறுநாள் போன். “அக்கா, ஒண்ணுமே ஓப்பன் ஆகல.” ரா என்பது ஒரே பைல் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒருவர் சிஆர்3 என்பார், ஒருவர் என்ஈஎப், ஒருவர் ஏஆர்டபிள்யூ. அடோபி 2004இல் டிஎன்ஜி என்று எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைக் கொண்டுவந்தது, பெரிய கேமரா கம்பெனிகள் அந்தப் பக்கம் அவ்வளவாகத் திரும்பவில்லை. நானே ஒருமுறை புதுக் கேமரா வாங்கிய மறுநாள், பழைய சாப்ட்வேர் திறக்க மறுத்ததால் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். டார்க்டேபிள் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, அதை இறக்கிக்கொள்ளுங்கள் என்று அவருக்குச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போன். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது. “அக்கா, கேமராவுல பளிச்சுன்னு இருந்துச்சு, இதுல எல்லாமே டல்லா இருக்கு. மாத்திக் குடுத்துட்டீங்களா?”

கேமராவின் முதுகில் தெரிவது ரா இல்லை. ராவுக்குள் சின்னதாக ஒரு ஜேபெக்கை ஒட்டி வைத்திருக்கும், அதைத்தான் காட்டுகிறது. உள்ளே இருப்பது வெந்தும் வேகாததுமாக, வெளுத்துப்போய்த்தான் இருக்கும். அதற்கு உயிர் கொடுப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அந்த மாப்பிள்ளையின் தம்பி அதில் பத்துப் படத்தை எடுத்து, பெண்ணின் மாநிறத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக்கி, எங்கள் ஸ்டூடியோ பேரையும் போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டார். பெண்ணின் அம்மா என்னைக் கூப்பிட்டு, “என் பிள்ளை நிறத்துக்கு என்னம்மா குறைச்சல்?” என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது?

ஆனாலும் ராவை ஒரேயடியாகத் தூக்கிப் போடச் சொல்ல என்னால் முடியாது. ஆல்பம் கொடுத்து ஒரு வருஷம் ஆனதும் ராவை அழித்துவிடுவது எங்கள் வழக்கம், இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க் வாங்கியே ஓட்டாண்டியாகிவிடுவோம். 2019இல் நடந்த ஒரு கல்யாணத்தின் ராவை மட்டும் அழிக்காமல் இருந்தேன். திட்டம் போட்டு வைக்கவில்லை. டிஸ்க்கில் ஒட்டிய சீட்டில் தேதியைத் தப்பாக எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

2022இல் ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பெண்ணின் அண்ணன் வந்தார். அப்பா தவறிவிட்டார், மறுநாள் காலை காரியத்துக்குப் படம் வேண்டும். வீட்டில் தேடியிருக்கிறார்கள், நல்ல படமே இல்லை. கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் எங்கே நின்று போட்டோவுக்குச் சிரிக்கிறார்? ஒன்று பந்தியில் நிற்பார், அல்லது சமையல்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். மேடைப் படத்தில் கண்ணை மூடியிருந்தார். நானும் அவர் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து 3,000 படத்தையும் பார்த்தோம். ஒன்று கிடைத்தது. வளவுத் தூணுக்குப் பின்னால், கையில் தாம்பூலப் பைக் கட்டோடு, மகள் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறார். படம் எடுத்தது முற்றத்து வெளிச்சத்துக்கு. அவர் முகம் கிட்டத்தட்டக் கருப்பு.

முதலில் ஜேபெக்கில்தான் முயற்சி பண்ணினேன். வெளிச்சத்தைத் தூக்கத் தூக்க, கன்னத்தில் அந்த எட்டுக்கு எட்டுக் கட்டம் கோலமாகத் தெரிய ஆரம்பித்தது. தாடைக்குக் கீழே பச்சையும் சிவப்புமாகத் திட்டு. மகன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம்தான் அந்த டிஸ்க் ஞாபகம் வந்தது. ராவைத் திறந்து வெளிச்சத்தைத் தூக்கினேன். பொடிப்பொடியாகப் புள்ளி வந்தது, பழைய பிலிமில் வருமே, அந்த மாதிரி. ஆனால் முகம் வந்தது. நெற்றியில் திருநீறு மூன்று கோடாகத் தெரிந்தது. இரண்டு நாள் சவரம் செய்யாத நரைமுடிகூடத் தெரிந்தது, கல்யாண அலைச்சலில் அதற்கெல்லாம் ஏது நேரம். இந்த மாதிரிப் படத்துக்கு எல்லாரும் கோட்டு மாட்டிவிடச் சொல்வார்கள், எங்களிடம் அதற்கென்றே கோட்டுப் படங்கள் இருக்கின்றன. அவரிடமும் கேட்டேன். “வேண்டாங்க்கா, அந்தச் சட்டையே இருக்கட்டும்” என்றார். விடியக்காலை நாலு மணிக்கு பிரிண்ட் போட்டு பிரேம் மாட்டிக் கொடுத்தேன்.

அன்றைக்குப் பிறகு ஆர்டர் பாரத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். ராவை ஒரு வருஷம் வைத்திருப்போம். அதற்குள் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும் படங்களின் ராவை மட்டும் தனியாக எடுத்துத் தருவோம், அதற்குக் காசு இல்லை. முழுவதும் வேண்டும் என்றால் டிஸ்க் அவர்களுடையது. இதுவரை அந்த வரியைப் படித்துவிட்டுக் கேட்டவர்கள் இரண்டே பேர். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்டவர்கள் ஒரே காலையில் மூன்று பேர். பத்திரிகையின் பலம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் இதையும் வெளியிடச் சொல்லிக் கேட்கிறேன்.

அந்த மூவரில் இரண்டு வருஷத்துக்காரருக்கு ரா இல்லை என்று சொன்னேன், கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். இரண்டாமவருக்கு இனிமேல்தான் கல்யாணம், ஆவணியில். அவரிடம் வெளிச்சம், மண்டபம், டெக்கரேஷன் பற்றி அரை மணி நேரம் பேசினேன். மூன்றாமவர் ஆல்பம் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது, அவருடைய 95 ஜிபி பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். நேற்று வந்தார், 16 ஜிபி பென் டிரைவோடு. வீட்டுக்காரர் சிரிக்காமல் டீ வாங்கிக் கொடுத்தார். சனிக்கிழமை டிஸ்க்கோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ வாசகி,
காரைக்குடி.
(பெயர் போட வேண்டாம். தேவகோட்டை நாத்தனாரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.)